தோட்டத் தொழிலாளரும் முதுமைக்காலச் சேமிப்பும்: தெல்தோட்டைப் பகுதி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தை ஊடறுத்துச் செல்லும் கலஹா வீதி வளாகத்தோடு முடிந்துவிடுவதில்லை. விரிவுரை மண்டபங்களையும் விடுதிகளையும் கடந்து மலைச்சாரலில் ஏறி, கலஹாவையும் அதற்கப்பால் தெல்தோட்டையையும் தொட்டு, றிக்கில்லகஸ்கடை வரை அது நீள்கிறது. தெல்தோட்டைக் கடைத்தெருவைச் சூழ நாற்புறமும் விரிந்து கிடப்பவை தோட்டங்கள். இலங்கையில் முதன்முதலாக வர்த்தக நோக்கில் தேயிலை பயிரிடப்பட்ட லூல்கந்துரைத் தோட்டமும் இந்த மலைத்தொடரிலேயே உள்ளது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் அங்கு 19 ஏக்கரில் தேயிலை நட்ட செய்தியைப் பள்ளிப் பாடநூல்களும் கூறுகின்றன. அந்தத் தேயிலையைத் தலைமுறை தலைமுறையாகக் கொய்தவர்கள், செக்றோலில் 'பேர் வெட்டப்பட்ட' பின்னர் எதைக்கொண்டு வாழ்ந்தனர் என்பதை அப்பாடநூல்கள் கூறுவதில்லை.

இவ்வினாவுக்கு நகரத்தில் ஓர் ஆயத்தமான விடை உண்டு. தோட்டத்தவர்க்குச் சேமிக்கத் தெரியாது, வருவதைத் தீபாவளிக்கும் சாராயத்துக்கும் செலவழித்துவிட்டு முதுமையில் கையேந்தி நிற்கின்றனர் என்பதே அவ்விடை. படித்தவர்களிடையேயும் இக்கூற்று நிலவுவதனால் இதனை வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியமாகின்றது. அவ்வாறு பார்க்குமிடத்து, இம்மக்களின் சேமிப்பு எப்போதும் பிறர் கையிலேயே இருந்துவந்தது என்பதும், அதனை வைத்திருந்தோர் உரிய காலத்தில் உரிய அளவில் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதும் புலனாகும்.

கோப்பிக் காலத்திலிருந்து தொடங்குதல் பொருந்தும். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கண்டிச் சீமைக்கு ஆட்கள் திரட்டி வரப்பட்டபோது, வழிச்செலவுக்கும் ஊரில் இருந்த கடனை அடைப்பதற்கும் கங்காணி முற்பணம் கொடுத்தான். தொழிலாளி தோட்டத்தில் முதல் நாள் வேலைக்கு இறங்கும்போதே அவனுடைய கணக்கு பற்றுடன் தொடங்கியது. அரிசியும் கம்பளியும் தோட்டத்தினாலேயே கொடுக்கப்பட்டுச் சம்பளத்தில் கழிக்கப்பட்டன. காலப்போக்கில் இக்கடனே 'துண்டு' என்னும் முறையாக உருப்பெற்றது. ஒரு கங்காணியும் அவனுடைய ஆட்களும் தோட்டத்துக்குத் தரவேண்டிய தொகை ஒரு துண்டுத்தாளில் எழுதப்படும். அத்தொகையைச் செலுத்தும் வேறொரு தோட்டத்துரை அந்த ஆட்களைத் தம் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆக, தொழிலாளியின் உழைப்புக்கு அன்று சந்தையில் இருந்த விலை அவனுடைய கடனின் தொகையே. தோட்டம் மாற மாற அத்தொகை வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை. துண்டு முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தினால் ஒழிக்கப்படும்வரை மலையகத் தொழிலாளியைப் பொறுத்தமட்டில் 'கணக்கு' என்ற சொல் கடனையே குறித்தது. சேமிப்பைப் பற்றிப் பேசுவதற்கு அங்கு இடமேயில்லை.

கையில் வரவேண்டிய கூலியும் அன்று உறுதியற்றதாயிருந்தது. 1869இல் தலைகாட்டிய இலைத் துரு நோய் கோப்பித் தோட்டங்களைப் பதினைந்து ஆண்டுகளில் பாழாக்கியது. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தபோது தோட்டங்கள் பலவும் கைமாறின, சில கைவிடப்பட்டன. அடகுக்காரரும் வங்கிகளும் தத்தம் பங்கைக் கோரி முன்வந்தபோது, மாதக்கணக்கில் கூலி பெறாதிருந்த தொழிலாளரின் கோரிக்கை கடைசி வரிசையில் நின்றது. அவ்வாண்டிலேயே தொழிலாளரின் சம்பளத்தை, ஓர் எல்லைக்குட்பட்டு, தோட்டத்தின் மீதான முதற்பொறுப்பாக்கும் சட்டம் கொண்டுவரப்பட நேர்ந்தது. பின்னர் 1889இல் மாதாமாதம் சம்பளம் கணக்கிடப்பட்டு 60 நாட்களுக்குள் கொடுக்கப்படவேண்டும் என விதிக்கப்பட்டது. இரண்டு மாதம் பிந்திக் கொடுப்பதே ஒரு சீர்திருத்தமாக இருந்ததெனில், அதற்கு முந்திய நிலை எவ்வாறிருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அக்காலத்தில் தோட்டத்து முதியவர் எங்கே போயினர்? பெரும்பாலும் ஊருக்குத் திரும்பினர். கோப்பித் தொழிலாளர் அறுவடைக்கு வந்து போகிறவர்களாயிருந்தனர். தேயிலை வந்து ஆண்டு முழுவதும் வேலை ஏற்பட்ட பின்னரும் நெடுங்காலம் ஊருறவு அறுந்துவிடவில்லை. பிள்ளையைப் பெற்று வளர்த்து வேலை செய்யும் பருவத்தில் தோட்டத்துக்கு அனுப்பியது திருச்சி, மதுரை, சேலம் பகுதிக் கிராமங்கள். உழைத்துத் தேய்ந்த உடலை மீண்டும் ஏற்றுக்கொண்டதும் அக்கிராமங்களே. தோட்ட முதலாளி விலை கொடுத்தது இடைப்பட்ட இளமைக்கு மாத்திரம். தொழிலாளியின் குழந்தைப் பருவச் செலவையும் முதுமைச் செலவையும் அவர் கணக்கில் எடுக்கவேண்டியிருக்கவில்லை. தேயிலை இலாபகரமான தொழிலாக வளர்ந்ததற்கு மண்ணும் மழையும் மட்டுமே காரணமென எழுதுவோர் இந்த உண்மையைக் கவனிப்பதில்லை.

அதே காலத்தில் அதே முடியாட்சியின் தலைநாட்டில் நிலைமை வேறாக மாறிக்கொண்டிருந்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889இல் முதுமைக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பிரித்தானியாவில் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1909 ஜனவரி முதல், 70 வயதடைந்த வறியவர்களுக்கு வாரம் 5 சிலிங் வரை அரசு ஓய்வூதியம் வழங்கிற்று. அதற்காக அவர்கள் முன்னதாக எதையும் சேமித்திருக்க வேண்டியதில்லை. ஸ்கொத்லாந்தின் ஒரு பண்ணைத் தொழிலாளிக்குக் கிடைத்த இவ்வுரிமை, ஸ்கொத்லாந்தியத் துரைமாரின் கீழ் வேலை செய்த ஹேவாஹெட்டைத் தொழிலாளிக்கு எட்டவில்லை.

இடையே ஒன்றைச் சொல்லிச் செல்லலாம். தேயிலையின் தந்தை எனப்படும் ஜேம்ஸ் டெயிலருக்கே முதுமைக்கென ஓர் ஏற்பாடும் இருக்கவில்லை. 1852இல் இளைஞராக வந்து நாற்பது ஆண்டுகள் லூல்கந்துரையிலேயே கழித்த அவரை, 1892இல் தோட்டத்தை விட்டு விலகும்படி உடைமையாளர் பணித்தனர். அவர் போக மறுத்தார். அவ்வாண்டு மே மாதத்திலேயே வயிற்றுக்கடுப்பினால் இறந்தார். தோட்டத் தொழிலாளர் மாறி மாறிச் சுமந்து அவருடலைக் கண்டிக்குக் கொணர்ந்தனர் என்பர். மஹய்யாவை மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. சுமந்து வந்தவர்களின் கல்லறைகளைத் தேடிப் பயனில்லை.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஒரு திருப்பம் எனலாம். அதன்கீழ் 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என நிர்ணயிக்கப்பட்டது. மாதத்தில் 25 நாள் தவறாது வேலைக்குச் சென்ற ஒரு பெண் 10 ரூபா 75 சதம் ஈட்டியிருப்பாள். இதிலிருந்து அரிசிக் கணக்கைக் கழித்த பின்னரே மிகுதி கைக்கு வரும். உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் இவ்விகிதங்களும் குறைக்கப்பட்டன. பெண்ணின் கூலி ஆணின் கூலியிலும் குறைவாக நிர்ணயிக்கப்பட்டமை பிற்காலத்தில் அவளுடைய முதுமைச் சேமிப்பையும் பாதித்தது. அது பின்னர் கூறப்படும்.

ஊருக்குத் திரும்பும் வழி இரு கட்டங்களாக அடைபட்டது. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தது. போக்குவரத்து நின்றதும் தோட்டமே நிலையான ஊராயிற்று. 1948, 1949ஆம் ஆண்டுகளின் பிரசாவுரிமைச் சட்டங்கள் இம்மக்களை அந்த ஊரிலேயே நாடற்றவராக்கின. முதுமையை ஏற்கும் பழைய கிராமம் கைவிட்டுப்போக, அதனிடத்தில் புதிதாக எதுவும் வரவில்லை. இக்காலப் பகுதியில்தான், 1940 ஜனவரி 10ஆம் நாள், தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கோரிய வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். தொழிலாளர் கேட்ட உயர்வு நாளொன்றுக்கு 16 சதம். ஓய்வூதியத்தையோ சேமிப்பையோ பற்றி அன்று எவரும் கேட்கவில்லை. அன்றைய வயிற்றுக்கே போதாதவர் முப்பது ஆண்டுக்குப் பின்வரும் வயிற்றைப் பற்றி எவ்வாறு கேட்பர்?

தோட்டத்திலே முதுமைக்கான சேமிப்பு என்ற கருத்து அறவே இல்லாதிருந்ததென்று கொள்ளவும் கூடாது. துரைமாருக்கென ஒரு சேமலாபச் சங்கமும், கணக்கப்பிள்ளை முதலான உத்தியோகத்தருக்கெனத் தோட்டச் சேவையாளர் சேமலாபச் சங்கமும் 1958க்கு முன்னரே இயங்கின. அரசாங்க ஊழியர்க்கு ஓய்வூதியம் இருந்தது. பங்களாவும் கந்தோரும் முதுமையை நினைத்தன. பிரட்டுக்களத்தில் நின்றவர்க்கு மட்டும் அந்நினைவு எட்டவில்லை.

அதனை எட்டச் செய்தது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம். அப்போது தொழில் அமைச்சராயிருந்தவர் ரி. பி. இலங்கரத்ன, 1947ஆம் ஆண்டு எழுதுவினைஞர் வேலைநிறுத்தத்தில் முன்னின்று அரச உத்தியோகத்தை இழந்தவர். தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பகுதியும் முதலாளியின் பங்கும் சேர்ந்து ஒரு பொது நிதிக்குச் செல்ல, மத்திய வங்கி அதனை முதலீடு செய்து ஆண்டுதோறும் வட்டி சேர்க்கும். தொழில் ஆணையாளர் நிருவகிப்பார். தொடக்கத்தில் தொழிலாளி 4 வீதமும் முதலாளி 6 வீதமும் செலுத்தினர். பின்னர் அது உயர்ந்து 8 வீதமும் 12 வீதமும் ஆயிற்று. ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் முழுத்தொகையையும் பெற்றுக்கொள்ளலாம். திருமணத்தின் பொருட்டு வேலையிலிருந்து விலகும் பெண்ணுக்கு முன்னரே மீளப்பெறும் உரிமையும் அளிக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தினால் முதலாளி மாத்திரம் 3 வீதம் செலுத்தும் ஊழியர் நம்பிக்கை நிதியமும், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தினால் பணிக்கொடையும் இதனுடன் சேர்ந்தன. தோட்டத்தில் பணிக்கொடையைச் 'சேர்விஸ் காசு' என்பர். நாட்கூலிக்காரருக்கு ஓராண்டுச் சேவைக்கு 14 நாட் சம்பளம் என்பது கணக்கு.

தாளில் நோக்கும்போது இது சிறந்த ஏற்பாடு. கட்டாயச் சேமிப்பு என்றே இதனைக் கூறவேண்டும். தோட்டத் தொழிலாளி தன் அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கை, பசித்தாலும் பசியாவிட்டாலும், வாழ்நாள் முழுவதும் சேமித்துக்கொண்டேயிருக்கிறான். வருமானத்தில் எட்டு வீதத்தைத் தவறாது சேமிக்கும் நகரத்துக் குடும்பங்கள் எத்தனை என்று, முன்கூறிய ஆயத்த விடையை உடையோர் தம்மையே கேட்டுக்கொள்வது நன்று.

இந்நிதி தன் முதற்பெருஞ் சோதனையை ஒரு விசித்திரமான வழியில் எதிர்கொண்டது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கவும் ஏற்பாடு செய்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று. திரும்பிச் செல்வோர் தம் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் உள்ளிட்ட உடைமைகளைக் கொண்டுசெல்லலாம் என்றும், ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய உச்சத் தொகை 4,000 ரூபாவுக்குக் கீழ்க் குறைக்கப்படாது என்றும் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. முதுமைக்கென வைத்த பணம் இவ்வாறு கப்பற்பயணப் பணமாயிற்று. தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்டைப் பகுதிகளிலிருந்து தலைமன்னார் வழியே இராமேஸ்வரம் சென்று, நீலகிரியிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மீண்டும் தேயிலைக்கே திரும்பியவர்கள், நடுவயதில் தமது முதுமையைச் செலவழித்து இரண்டாவது வாழ்வைத் தொடங்கவேண்டியவராயினர்.

இங்கேயே தங்கியவர்கள் எதிர்கொண்டது வேறொன்று. 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் தோட்டங்களை அரசின் கைக்கு மாற்றின. அதே காலத்தில், 1973, 1974ஆம் ஆண்டுகளில், உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. மரவள்ளியும் கீரையும் தேடி அலைந்த அந்நாட்களில் பட்டினியால் மாண்டவர்களும் உண்டு. லயன்களில் எஞ்சியிருந்த தோடும் மூக்குத்தியும் அடகுக்கடைக்குப் போயின. பெண்களின் சேமிப்பு என்பது பெரும்பாலும் இந்தப் பொன்னும், அயலவரோடு சேர்ந்து பிடித்த சீட்டுமே. நிதிச் சட்டம் வருமுன்னரே இருந்துவந்த இந்தச் சேமிப்புப் பழக்கத்தை எவ்வறிக்கையும் கணக்கில் எடுத்ததில்லை. பொருள் முட்டிய ஒவ்வொரு காலத்திலும் அது முதலில் கரைந்தது.

பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலிக்குச் சமமாக்கப்பட்டது 1984ஆம் ஆண்டிலேயே. கொழுந்து கொய்வோரில் பெரும்பாலார் பெண்கள். அதற்கு முன் அவர்கள் செலுத்திய ஒவ்வொரு மாதச் சேமலாபமும் குறைந்த கூலியின் வீதமாகவே கணிக்கப்பட்டது. குறைந்த கூலியின் மீது குறைந்த பங்கு, அதன்மீது குறைந்த வட்டி, அதற்கும் மேலாக ஐந்தாண்டு முன்னதாகவே ஓய்வு. ஆணைவிட நீண்ட முதுமையை வாழப்போகிறவளுக்குச் சேர்ந்த தொகையோ சிறிது.

கூலி உயர்ந்த பிற்காலத்திலும் சேமிப்பு அதற்கேற்ப உயரவில்லை. 2016ஆம் ஆண்டுக் கூட்டு உடன்படிக்கையை எடுத்துக்கொள்வோம். நாட்சம்பளம் 730 ரூபா என அறிவிக்கப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. வரவுக்கான ஊக்கப்படி 60 ரூபா, உற்பத்திப்படி 140 ரூபா, விலைப்பங்குப்படி 30 ரூபா. மாதத்தில் 25 நாள் வேலை செய்தால் அடிப்படைச் சம்பளம் 12,500 ரூபா. அதற்குத் தொழிலாளியின் 8 வீதம் 1,000 ரூபா, நிருவாகத்தின் 12 வீதம் 1,500 ரூபா. வரவுப்படிக்கும் உற்பத்திப்படிக்கும் சேமலாபம் இல்லை. அவ்விரண்டும் சேர்ந்த 200 ரூபாவும் சம்பளமாகவே கொடுக்கப்பட்டிருப்பின், 25 நாளுக்கு 5,000 ரூபாவின்மீது மேலும் 1,000 ரூபா மாதந்தோறும் நிதிக்குச் சேர்ந்திருக்கும். பணிக்கொடையும் அவ்வாறே. 35 ஆண்டுச் சேவைக்கு 490 நாட் சம்பளம். நாளுக்கு 500 ரூபா எனில் 245,000 ரூபா. மாதம் 5,000 ரூபா வீதம் செலவிட்டால் அது நான்கு ஆண்டும் ஒரு மாதமும் வரும். சம்பளத்தை 'படி'களாகப் பிரிப்பது வெறும் கணக்கியல் நுணுக்கமன்று. அது தொழிலாளியின் இன்றைய கையில் சில ரூபாவை வைத்து, அவனுடைய நாளைய கையிலிருந்து சில ரூபாவை எடுத்துக்கொள்ளும் வழி. ஞாயிற்றுக்கிழமைகளில் கிலோக் கணக்கில் கொய்யும் 'கைக்காசு' வேலைக்கும் இதுவே கதி.

இவை சட்டத்துக்கு உட்பட்ட குறைகள். தெல்தோட்டைப் பகுதியின் பெருந்துயரமோ சட்டத்தை மீறியதனால் விளைந்தது. 1976இல் அமைக்கப்பட்ட மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையை மக்கள் 'ஜனவசம' என்பர். 1992இல் அரசதோட்டங்களின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்டபோது, கண்டி, மாத்தளைப் பகுதிகளின் இடைநிலத் தோட்டங்கள் பல ஜனவசமவிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் எஞ்சின. வயதேறிய செடிகளும் குறைந்த விளைச்சலும் கொண்டமையால் அவை கம்பனிகளைக் கவரவில்லை. லூல்கந்துரையும் ஜனவசமவின் கீழேயே இருந்துவந்தது. நட்டத்தில் ஓடிய இவ்வரச நிறுவனங்கள், தொழிலாளரின் சம்பளத்தில் பிடித்த சேமலாபப் பணத்தையும் தமது பங்கையும் நிதிக்கு அனுப்பாது ஆண்டுக்கணக்கில் நிலுவையாக விட்டன, பணிக்கொடையும் கொடுபடவில்லை. பாராளுமன்றத்தின் பொதுமுயற்சிகள் பற்றிய குழுவும் இதனை விசாரித்தது.

சட்டமோ இவ்விடயத்தில் தெளிவானது. ஒரு மாதத்துக்குரிய பங்கு அடுத்த மாதத்தின் இறுதி வேலைநாளுக்குள் செலுத்தப்படவேண்டும். பிந்தினால் 5 வீதத்தில் தொடங்கும் மேலதிகக் கட்டணம், ஓராண்டைக் கடந்தால் 50 வீதமாகிறது. தனியார் முதலாளியாயின் தொழில் திணைக்களம் நீதிமன்றத்துக்கு இழுக்கும். கடனாளி அரச நிறுவனமாகவும் கடனை அறவிடுவது அரச திணைக்களமாகவும் இருக்கும்போது நிலைமை வேறாகிறது. 1884இல் கோப்பித் தோட்டங்கள் முறிந்தபோது தொழிலாளர் கடைசி வரிசையில் நின்றதை மேலே கண்டோம். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்து, அதே மலைகளில், அதே வரிசையில், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நின்றனர். அன்று பறிபோனது சில மாதக் கூலி. இம்முறை தடைப்பட்டது ஒரு வாழ்நாள் சேமிப்பு.

பணம் நிதியில் இருந்தவர்க்கும் அதைப் பெறுதல் எளிதாயிருக்கவில்லை. பிறப்புப் பதிவில் ஒரு பெயர், செக்றோலில் கணக்கப்பிள்ளை தன் காதுக்கேற்ப எழுதிய இன்னொரு பெயர், அடையாள அட்டையில் சிங்கள உச்சரிப்புக்கு மாறிய மூன்றாவது பெயர். தேசிய அடையாள அட்டை 1970களில் நடைமுறைக்கு வந்தபோது நாடற்றவராயிருந்த பலருக்கு அது நெடுங்காலம் கிட்டவில்லை. 'பி' அட்டையில் உள்ள பெயரும் 'கே' படிவத்தில் உள்ள பெயரும் ஒன்றே என்று நிறுவுவதற்குச் சத்தியக்கடதாசி, கிராம சேவகர் கையொப்பம், கண்டிக்குப் பல பயணங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் பஸ் கட்டணம்; உடன்செல்லும் மகனுக்கு ஒருநாட் பேர் இழப்பு. முப்பது ஆண்டு ஒரே மலையில் கொழுந்து கொய்தவள், அம்மலையில் கொய்தவள் தானே என்று அங்கு நிரூபிக்கவேண்டியவளாகிறாள்.

கிடைக்கும் தொகை மொத்தமாகக் கிடைக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. சேமலாப நிதி ஓய்வூதியமன்று, மாதந்தோறும் வருவதன்று. வாங்கிய கடனும் மகளின் கலியாணமும் கூரைத்தகரமும் அத்தொகைக்காகவே காத்திருக்கின்றன. வந்த ஆண்டிலேயே அது செலவழிவதை ஊதாரித்தனம் என்பது பொருந்தாது. பிள்ளையின் கலியாணத்தையும் வீட்டையும் மாதச் சம்பளத்தில் செய்ய இயலாதவர், அவற்றை ஒத்திப்போடக்கூடிய ஒரே நாள் அந்நாளே. தமிழ்நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இந்நிலை ஓரளவு வேறுபடுகிறது. இந்தியாவின் 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டம், வைப்புநிதியின் ஒரு பகுதியை மாதாந்த ஓய்வூதியமாக மாற்றியது. 2014இல் அதன் குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாவாக்கப்பட்டது. மிகச் சிறிய தொகைதான். ஆயினும் தாயகம் திரும்பிக் கூடலூரில் முதுமையடைந்த ஒருவருக்கு மாதந்தோறும் வருவதொன்று உண்டு, தெல்தோட்டையில் தங்கிய அவருடைய உடன்பிறந்தாருக்கு அது இல்லை.

இலங்கையிலும் தனியார்துறை ஓய்வூதியத்துக்கு ஒரு முயற்சி நிகழாமலில்லை. 2011இல் அரசு கொண்டுவந்த சட்டமூலத்தைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. தொழிலாளியின் பணத்தை மேலும் பிடித்து, உறுதியற்ற ஓய்வூதியமொன்றை நீட்டுகிறது என்பதே எதிர்ப்பின் சாரம். அவ்வாண்டு மே 30இல் கட்டுநாயக்க ஆர்ப்பாட்டத்தின்மீது பொலிசார் சுட்டதில் காயமடைந்த இளந்தொழிலாளி ரொஷேன் சானக உயிரிழந்தார், சட்டமூலம் கைவிடப்பட்டது. அன்றைய எதிர்ப்பு நியாயமானதே. எனினும் அதன்பின் வேறொரு நல்ல ஓய்வூதியத் திட்டத்தைக் கோரி அதே வேகத்தில் ஓர் இயக்கம் எழாமை வருந்தத்தக்கது. மலையகத் தொழிற்சங்கங்களின் பேரம்பேசலும் நாட்கூலி என்ற ஒற்றை எண்ணைச் சுற்றியே பெரிதும் நடந்துவந்துள்ளது.

நிதிக்குள் பத்திரமாய் இருந்த பணத்துக்கும் 2022 ஒரு பாடம் புகட்டியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. அவ்வாண்டுக்குச் சேமலாப நிதி அறிவித்த வட்டி 9 வீதம். முப்பது ஆண்டுச் சேமிப்பு தாளில் வளர்ந்துகொண்டே அரிசியில் குறைந்தது. அடுத்த ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, அரசின் கடன்முறிகளில் பெரும்பங்கை வைத்திருந்த இந்நிதியும் அதனுள் இழுக்கப்பட்டது. புதிய முறிகளை ஏற்கவேண்டும், அல்லது 30 வீத வரி செலுத்தவேண்டும் என்பதே அதற்கு விடப்பட்ட தெரிவு.

ஆகவே தெல்தோட்டை லயன்களில் முதியவரின் மெய்யான ஓய்வூதியம் வேறிடத்தில் இருந்துவந்துள்ளது. லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருவருடைய பேராவது செக்றோலில் இருக்கும்வரை அவ்வறையில் குடியிருப்பதற்கு இடையூறில்லை என்பது எழுதப்படாத வழக்கு. தாயின் பேர் வெட்டப்படுமுன் மகனின் பேரோ மருமகளின் பேரோ பதியப்பட்டால் கூரை நிலைக்கும். முற்காலத்தில் கிராமம் ஏற்ற பொறுப்பை இப்போது பிள்ளையின் உடல் ஏற்கிறது. இதனால் பள்ளியை விட்டுக் கொழுந்துக்கூடையை எடுத்த பிள்ளைகள் பலர்.

அவ்வழக்கும் தளர்ந்து வருகிறது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியது. தேயும் முழங்காலோடு சரிவில் நிற்கவேண்டிய ஆண்டுகள் கூடின. இளைஞர் தோட்டத்தில் பேர் பதிய விரும்புவதில்லை. மகன் கொழும்பிலே கடைச் சிப்பந்தியாகவும், மகள் அங்கு வீட்டுப் பணிப்பெண்ணாகவும் போகின்றனர். மாதந்தோறும் அவர்கள் அனுப்பும் பணமே பல முதியவர்க்கு இன்று சோறு. வீட்டு வேலையோ சேமலாப நிதிச் சட்டத்தின் கீழ் அடங்கும் தொழில்களுள் ஒன்றன்று. தாயின் பெயரில், எவ்வளவு குறைந்ததாயினும், ஒரு 'பி' அட்டை இருந்தது. தெல்தோட்டையிலிருந்து கொழும்பு வீடொன்றுக்குப் போன மகளின் பெயரில் அதுவும் இல்லை.